புனித ஜோர்ஜியாரின் முறைப்பாடு

கர்க்லாண்ட்
2 ஏப்ரல் 2025

திருமதி அல்போன்சம்மா அவர்களுக்கு,

1. குருநகரில் பிறந்தவனும், யாழ்ப்பாணத்தில் உறுதிப் பத்திரங்கள் எழுதும் பிரசித்த நொத்தாரிசாகக் கடமையாற்றியவனும், மொன்றியல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவனும், மனைவியை இழந்தவனும், தற்போது கர்க்லாண்டில் மகன் மைக்கலின் வீட்டில் வசிப்பவனுமாகிய யோசேப்பு அருமைராசா என்னும் நான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2. வாயால் சொல்லக்கூடியதை எழுத்தில் தருவதற்குக் காரணம் தாங்களே. கடந்த ஞாயிறு ஒத்திகையின் முடிவில், பங்கு மக்கள் பலர் கேட்க, "இனி ஏதும் சொல்லுறதெண்டால் எழுதித் தாங்கோ, நொத்தாரிசர். உங்களோட கதைச்சு என்ரை தொண்டை கட்டிப்போட்டுது" என்றீர்கள். அவ்வுத்தரவுக்குக் கீழ்ப்படிகிறேன்.

3. இம்மாதம் 27ஆம் தேதி ஞாயிறு மாலை, எமது ஆலயத்தின் கீழ்மண்டபத்தில் தாங்கள் மேடையேற்றவிருக்கும் "லலிபெலா மன்னன்" நாட்டுக்கூத்தைப் பற்றியதே இக்கடிதம். அதே மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் வழிபடும் எத்தியோப்பியச் சபையார் அன்று எமது விருந்தினர். அவர்களுடைய பாஸ்காவும், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவும், எம்முடையதும் இவ்வாண்டு ஒரே நாளில், 20ஆம் தேதி, வருவதால் அதற்கடுத்த ஞாயிறு சேர்ந்து கொண்டாடுவதென்ற முடிவை நான் முழுமனத்துடன் ஆதரித்தேன். பிரதியைச் சரிபார்க்கும் பொறுப்பையும் ஏற்றேன்.

எத்தியோப்பிய மலைநாட்டில், லலிபெலா என்னும் அரசன் பாறையைக் குடைந்து பதினொரு ஆலயங்களை அமைத்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அவ்வரசன் வாழ்ந்தது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில். இதுவரை ஆட்சேபமில்லை. ஆனால் பிரதி அத்துடன் நிற்கவில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தேனீக்கள் மொய்த்தன என்றும், அவன் அரசனாவான் என்பதை அவை அறிந்துகொண்டன என்றும் கூறுகிறது. இதற்குச் சாட்சி குழந்தையின் தாய் மட்டுமே. அவர் அக்கறையுள்ள தரப்பு. உடன்பிறந்தவர்கள் அவனுக்கு நஞ்சூட்டினார்கள் என்று மேடையில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டுகிறது. பகலில் மனிதர் கொத்திய அளவைப் போல் இருமடங்கை இரவில் சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், கொத்தினார்கள் என்கிறது. அந்த இரவு வேலையை நேரில் கண்டவர் எவரும் பிரதியில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் கட்டியக்காரன் முன்வந்து, "இது மரபாகச் சொல்லப்படுவது, இதன் மெய்மைக்கு எமது பங்கு பொறுப்பேற்காது" என்று அறிவித்தல் உசிதம்.

4. பெப்ரவரி மாதம் 165ஆம் இலக்க பஸ் தரிப்பிடத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த வேளையில், தாங்கள் என்னிடம் கேட்ட மற்றைய கேள்வி, அதாவது நாமிருவரும் மணஞ்செய்துகொண்டால் என்ன என்பது, தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
யோ. அருமைராசா


கோட்-டெ-நெய்ஜ்
6 ஏப்ரல்

நொத்தாரிசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று வாசித்தேன். நான்காம் பத்திக்கு வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

என்னைப் பற்றி இலக்கம் போட்டுச் சொல்ல அதிகமில்லை. பேசாலையில் பிறந்தவள். கணவரை அடக்கம் செய்து ஒன்பது வருடம். இந்தப் பங்கின் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குகிறவள். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பனிக்காலம் முழுவதும் காத்திருந்தவள்.

உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். தாய் அக்கறையுள்ள தரப்பாம். அக்கறையில்லாத தாயை எங்கே பிடித்துச் சாட்சிக்கு நிறுத்துவது? தொட்டிலில் தேனீ மொய்த்தால் வேறொருத்தி அலறிக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் அந்த இடத்திலேயே நின்று, பிள்ளை அரசாளப் பிறந்தவன் என்று சொன்னாள். லலிபெலா என்ற பெயருக்கே, தேனீக்கள் அவனுடைய அரசை அறிந்துகொண்டன என்றுதான் பொருள் சொல்கிறார்கள். நஞ்சு குடித்த அவன் மூன்று நாள் செத்தவனைப் போலக் கிடந்தான். அந்த மூன்று நாளில் சம்மனசுகள் அவனை மேலே தூக்கிப்போய், அவன் கட்டவேண்டிய கோயில்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். திரும்பி வந்து எழுந்தவன் நேரே வேலையைத் தொடங்கினான். பரிசீலிக்கவில்லை.

அவனுடைய அரசி மஸ்கல் கெப்ராவைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அரசனுக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்த ஊரில், அவள் சம்மனசுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே இரவில் ஒரு கோயிலை முடித்தாள் என்று சொல்கிறார்கள். கூத்தின் கடைசிக் காட்சி அதுதான். ஒரு பெண் தீர்மானித்துவிட்டால் விடியுமுன் வேலை முடியும் என்று அந்த நாட்டுச் சனத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இனி மற்ற விடயம். வாடகையைப் புதுப்பிப்பது பற்றி வீட்டுச் சொந்தக்காரரின் அறிவித்தல் மார்ச் 31 வந்தது. ஜூலைக்குப் பிறகும் இங்கேயே இருப்பதா, விடுவதா என்று ஏப்ரல் 30க்குள் நான் சொல்லவேண்டும். மகள் ஜெயனி புரோசார்ட்டில் தன் வீட்டின் கீழ்த்தளத்தை எனக்கென்று திருத்தி வைத்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைக்கு இன்னும் garderieஇல், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் மாட்டேன் என்றால் இந்த வீட்டை விட்டு அங்கே போகிறேன். சம்மதம் என்றால் இங்கேயே இருக்கிறேன், உங்கள் கோப்புக்களோடு நீங்கள் இங்கே வாருங்கள். எது என்றாலும் ஏப்ரல் 30.

போன வருடம் வரை உங்களை "அண்ணை" என்று கூப்பிட்டேன். பிறகு ஏன் நிறுத்தினேன் என்று நினைத்தீர்கள்? பங்கில் எல்லாருக்கும் விளங்கியது, சட்டம் படித்த ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை.

கட்டியக்காரனாக வரும் சிவாஜினி உங்கள் அறிவித்தல்களைச் சொல்லமாட்டாள்.

அல்போன்சம்மா


கர்க்லாண்ட்
12 ஏப்ரல்

திருமதி அல்போன்சம்மா அவர்களுக்கு,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. பாலுக்கு வருந்துகிறேன்.

2. முதலில் வாடகை விடயம். கியூபெக் சட்டப்படி, அறிவித்தலுக்கு வாடகைக்காரர் பதிலளிக்காது மௌனமாயிருந்தால், அவர் புதுப்பித்தலுக்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். எனவே வீட்டை விடுவதாயின் மட்டுமே தாங்கள் எழுதவேண்டும். எனது மௌனத்துக்கும் அதே விளக்கத்தைக் கொடுக்கலாகாது என்பதை இங்கு பதிவுசெய்கிறேன்.

3. பிரதியைப் பற்றிய எனது ஐயங்களை எத்தியோப்பியச் சபையின் திருத்தொண்டர் தெஸ்பாயே அவர்களுக்கு எழுத்தில் அனுப்பியிருந்தேன். அவர் பதில் எழுதவில்லை. கோப்பி குடிக்க அழைத்தார். அவர்களுடைய வழக்கத்தில் மூன்றாவது கிண்ணம் முடியும்வரை எழும்பக்கூடாதாம். நான் இரண்டாவதிலேயே விடைபெற எழுந்து, அவருடைய மனைவியால் உட்காரவைக்கப்பட்டேன்.

சம்மனசுகளின் இரவு வேலைக்குச் சாட்சி யார் என்று வினவினேன். மறுநாள் காலையில் வேலைக்கு வந்த கொத்தர்கள் எல்லாரும் என்றார். மாலையில் தாம் விட்டுச்சென்ற இடத்தைவிடப் பாறை எவ்வளவோ ஆழமாக வெட்டப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்களாம். இது நேரடிச் சான்று அன்று. ஆயினும் சூழ்நிலைச் சான்று என்ற வகையில் புறந்தள்ளத்தக்கதுமன்று. எல்லா ஆலயங்களும் ஒரே அரசனின் காலத்தவை அல்ல, சில அவனுக்கு முந்தியவையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவதை எடுத்துக்காட்டினேன். அதையும் தாம் அறிவதாகச் சொல்லி, எனக்கு மூன்றாவது கிண்ணத்தை ஊற்றினார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. அவ்வாலயங்களைக் கீழிருந்து கட்டவில்லை. நிலமட்டத்தில் கூரையைத் தொடங்கி, கீழ்நோக்கி வெட்டிச்சென்று, கடைசியில் வாசலை அடைந்தார்கள். கட்டும் சுவரில் ஒரு கல் பிழைத்தால் அதைக் கழற்றி வேறு கல் வைக்கலாம். இங்கே வெட்டியது வெட்டியதுதான். திருத்தத்துக்கு இடமேயில்லாத ஒரு வேலையை மனிதர் எப்படித் துணிந்து தொடங்கினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சம்மனசுகளை நம்புவது அதைவிட எளிதாக இருக்கிறது.

4. எனினும் பங்கின் நலன் கருதி, கட்டியக்காரனுக்குரிய அறிவித்தல்களை எழுதி சிவாஜினியிடம் ஏற்கனவே கையளித்துள்ளேன். அவர் அவற்றை மனனஞ்செய்துவிட்டதாக அறிகிறேன். இது தங்கள் தகவலுக்காக.

5. மற்றைய விடயம் பரிசீலனையின் இறுதிக் கட்டத்தில் உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
யோ. அருமைராசா


கோட்-டெ-நெய்ஜ்
17 ஏப்ரல், பெரிய வியாழன்

நொத்தாரிசர் அவர்களுக்கு,

நேற்று நான் குதிரையை எறிந்தது உண்மை. ஆனால் உங்கள் மேல் எறியவில்லை. நீங்கள் நின்ற திசையில் எறிந்தேன். அது அட்டைக் குதிரை, உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நானும் மனுசிதானே. மைக்கல் அரசனாக நஞ்சைக் குடித்து, கால் மடிந்து, உயிர் போகிற மாதிரி எவ்வளவு அழகாக விழுந்தான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து சிவாஜினி முன்னால் வந்து, "கிண்ணத்தில் நஞ்சு இருந்ததாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை" என்றாள். செத்த அரசன் எழும்பியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சம்மனசுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறார்கள். உங்கள் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. அதைக் கண்டபிறகுதான் குதிரையைத் தூக்கினேன். கூத்து நாள் வரை உங்களுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை.

இன்னொரு செய்தி. புனித ஜோர்ஜியாராக ஆட இருந்த ஆரூரனுக்கு 27ஆம் தேதி மாலை ஆஸ்பத்திரியில் வேலை போட்டுவிட்டார்கள். மாற்றிக்கொள்ள ஆளில்லை. அந்தப் பாத்திரம் இல்லாமல் கூத்து நடக்காது என்பது உங்களுக்கே தெரியும். தன் கோயில்களை எல்லாம் முடித்து அரசன் கருவிகளைக் கழுவி வைக்கிற நேரத்தில், வெள்ளைக் குதிரையில், முழுக் கவசத்தோடு அவர் வந்து நிற்கவேண்டும். இத்தனை பேருக்குக் கோயில் கொத்தினாய், எனக்கு எங்கே என்று முறைப்பாடு பண்ணவேண்டும். அரசன் வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் விட அழகாக ஒன்றைச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். சிலுவை வடிவத்தில் தனியாக நிற்கும் அந்தக் கோயில்தான் இன்றைக்கு உலகமெல்லாம் படத்தில் பார்க்கிறது. அவருடைய குதிரையின் குளம்படி என்று அங்கே இப்போதும் காட்டுகிறார்களாம்.

ஜோர்ஜியாரின் பாட்டுக்களை ஆரூரனைவிட்டால் முழுக்க அறிந்தவர் இந்தப் பங்கில் ஒரே ஒருவர். ஒவ்வொரு வரியையும் பிழை பிடித்துப் பிழை பிடித்தே பாடமாக்கியவர்.

நான் கேட்கவில்லை. ஒரு கேள்வி நிலுவையில் கிடக்கும்போது அதே ஆளிடம் இரண்டாவதைக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை.

அல்போன்சம்மா


கர்க்லாண்ட்
19 ஏப்ரல்

திருமதி அல்போன்சம்மா அவர்களுக்கு,

புனித ஜோர்ஜியார் பதவிக்கு வெற்றிடம் ஏற்பட்டுள்ளதாக அறிகிறேன். அதற்கு இத்தால் விண்ணப்பிக்கிறேன். முன்னனுபவம் இல்லை. முழங்கால் காரணமாகக் குதிரைமீது துள்ள இயலாது, கௌரவமாக நடந்துவரலாம். கட்டியக்காரனின் அறிவித்தல்களை மீளப்பெறுகிறேன்.

மண்டபத்தினுள் நுழையும் அனுமதி வேண்டப்படுகிறது.

யோ. அருமைராசா


கோட்-டெ-நெய்ஜ்
28 ஏப்ரல்

நொத்தாரிசர் அவர்களுக்கு,

நேற்றைய கூத்தைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கிறது. இன்று காலை தெருமுனைக் கடையான dépanneurஇல் பாண் வாங்கப் போன இடத்திலும் கதைத்தார்கள். நடந்ததை உங்களிடமே திருப்பிச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வேடத்தோடேயே பின்கதவால் போய்விட்டீர்கள். கவசம் வாடகைக்கு எடுத்தது என்பதை மறக்கவேண்டாம்.

தேனீக்கள் நன்றாக வந்தன. நஞ்சுக் காட்சியில் எத்தியோப்பியப் பெண்கள் சேலைத் தலைப்பைப் போன்ற தங்கள் வெள்ளைத் துணியால் கண்ணைத் துடைத்தார்கள். கோயில்கள் முடிந்த கட்டத்தில் நீங்கள் வந்தீர்கள். அவ்வளவு கோபமான ஒரு புனிதரை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. துள்ளவில்லை, ஆடவில்லை. இடுப்பில் குதிரையோடு நடந்துவந்து, அரசனுக்கு முன்னால் நின்று, பாட்டை விட்டுவிட்டு முறைப்பாட்டை ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு வாசித்தீர்கள். முதலாவது வரிசையில் இருந்த திருத்தொண்டர் தெஸ்பாயே தலையை ஆட்டி ஆமோதித்தார். கடைசியில் கேட்டீர்கள்: "ஆக, எல்லாருக்கும் இடம் உண்டு. எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

மைக்கல் தன் வரியைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அரச கட்டிலில் சாய்ந்துகொண்டு, பெற்ற தகப்பனை மேலும் கீழும் பார்த்தான்.

"புனிதரே, உங்களிட்டைத்தான் முதலிலை கேட்டது. யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டுப் போனனீங்கள். அந்த மனுசி இண்டைக்கும் பாத்துக்கொண்டு நிக்குது."

நமது சனத்தில் ஒருவர் தொடங்க, மண்டபமே இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தார்கள். நீங்கள் குதிரையைப் பிடித்தபடி, நீதிமன்றத்தில் வழக்கை ஒத்திவைக்கக் கேட்கிற குரலில், "தவணை கேட்கிறேன்" என்றீர்கள். சிவாஜினி கட்டியக்காரன் கோலை நிலத்தில் தட்டி, தவணை மறுக்கப்பட்டது என்று அறிவித்தாள். விருந்தினர் என்ன என்று கேட்க, ஜெயனி பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது, அந்தப் பெண்கள் எல்லாரும் எழும்பிக் குலவையிட்டார்கள். அவர்கள் இது நிச்சயதார்த்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

நானும் சிரித்தேன். மறைக்கவில்லை. பஸ்ஸிலும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டவள் நான் என்பதும் பதில் வரவில்லை என்பதும் நம் இருவருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது பங்குக்கே தெரியும். மைக்கலுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. அறுபது வயதில் ஒரு பெண் வாய் திறந்து கேட்பது லேசான காரியம் இல்லை, அருமைராசா. அதை நீங்கள் ஒருபோதும் யோசித்துப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் யோசித்தீர்கள்.

நாளை மறுநாள் காலை சொந்தக்காரருக்கு எழுதி, வீட்டை விடுகிறேன் என்று கொடுக்கிறேன். உங்களைக் குறை சொல்லமாட்டேன். நல்ல ஜோர்ஜியார்தான் நீங்கள்.

அல்போன்சம்மா


கர்க்லாண்ட்
29 ஏப்ரல் 2025
நேரில் கையளிக்கப்படுவது

அல்போன்சம்மா அவர்களுக்கு,

1. முதலாம் கடிதத்தில் விவரிக்கப்பட்ட அதே அருமைராசாவாகிய நான், தெளிந்த புத்தியுடன் இதனை எழுதுகிறேன்.

2. மைக்கலிடம் நான் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. பெயர் குறிப்பிடப்படாத இரு நபர்களைப் பற்றி அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்டேன். அவன் உடனே இருவரின் பெயரையும் குறிப்பிட்டான். மேடையில் அவன் செய்தது தவறு. அதைவிடத் தவறு நான் தவணை கேட்டது. அது வாயில் வந்த சொல். ஆயுள் முழுவதும் பயம் வரும்போதெல்லாம் எனக்கு வருவது அந்த ஒரு சொல்தான்.

3. தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். எனது முதல் திருமணத்தின்போது என்னிடம் எவரும் கேட்கவில்லை. அம்மாவும் மாமாவும் பேசி முடித்து, தேதியை எனக்குத் தந்தி மூலம் அறிவித்தார்கள். நல்ல வாழ்வாகவே அமைந்தது. அதுபற்றி முறைப்பாடு இல்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே நின்று, உனக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் தாங்கள். பிறருடைய சம்மதத்தை எத்தனையோ தடவை உறுதிப்படுத்தியிருக்கிறேன். என்னுடையதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பின்பற்ற ஒரு முன்தீர்ப்பும் இருக்கவில்லை. கேட்பது எவ்வளவு கடினம் என்று நான் யோசிக்கவில்லை என்பது சரி. நேற்று மாலை ஆள்மூலம் கிடைத்த தங்கள் கடிதத்தைப் படித்த பின் அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

4. இன்று பகல் ரயிலேறிப் புரோசார்ட் சென்றேன். ஜெயனி கதவைத் திறந்து, என் கையில் கோப்புக் கட்டைக் கண்டதும், "அங்கிள், அம்மாவை எழுதி வாங்க வந்தனீங்களோ?" என்று கேட்டாள். விளக்கினேன். பேச்சுவார்த்தை நீண்டது. அவளுடைய குழந்தை என் கண்ணாடியைக் கைப்பற்றி வைத்திருந்தபடியால் என் தரப்பு பலவீனமாக இருந்தது. முடிவு வருமாறு: garderie இடம் கிடைக்கும்வரை செவ்வாயும் வியாழனும் தாங்களும் நானும் புரோசார்ட் செல்வது, மற்றைய நாட்களில் கோட்-டெ-நெய்ஜில் வசிப்பது. தங்களைக் கேட்காமல் தங்கள் சார்பில் உடன்பட்டதற்கு மன்னிக்கவும். மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு. சாட்சிக் கையொப்பமிட ஜெயனி என்னுடனேயே கர்க்லாண்ட் வந்துள்ளாள்.

5. தாங்கள் கேட்ட கேள்விக்கு எனது பதில்: ஓம், சம்மதம்.

6. ஆகவே நாளைக் காலை சொந்தக்காரருக்கு எதுவும் எழுதவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் சுயவிருப்பத்துடன் எழுதுகிறேன்.

கையொப்பத்துக்கு முன் செய்யப்பட்ட திருத்தங்கள்: ஐந்தாம் பத்தியில் "தற்போதைக்கு" என்ற சொல் என்னால் வெட்டப்பட்டது. ஆறாம் பத்தியில் "எவருடைய தூண்டுதலுமின்றி" என்ற சொற்கள் இரு சாட்சிகளின் ஆட்சேபத்தின் பேரில் நீக்கப்பட்டன. வேறு திருத்தம் இல்லை.

(ஒப்பம்) யோசேப்பு அருமைராசா

என் முன்னிலையில், ஒரே நேரத்தில் சமுகமாயிருந்து, சிரிப்பை அடக்க இயலாதவர்களாய் ஒப்பமிட்ட சாட்சிகள்:

அருமைராசா மைக்கல், கர்க்லாண்ட்
ஜெயனி, மணமகளின் மகள், புரோசார்ட்